மண் சுவர்ப் பூச்சு வெடிப்பதும் உதிர்வதும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் பல ஆண்டுகளாக மண் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்து வருகிறேன். பூச்சு கெட்டுவிட்டது என்று அழைப்பவர்கள் பெரும்பாலும் கலவையைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். எந்த மண் போடலாம், மணல் எவ்வளவு, சிமெண்ட் கொஞ்சம் சேர்த்தால் நிற்குமா என்பதே பேச்சாக இருக்கும். நான் முதலில் கேட்பது வேறு: சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வந்த தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா? மண் சுவர் ஈரத்தை வாங்கவும் வெளியே விடவும் செய்யும். அந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுக்கும் பூச்சு நிற்கும். அதை அடைக்கும் பூச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒருநாள் பெயர்ந்து விழும். கீழே சொல்லும் அறிகுறிகள் அனைத்தையும் இந்தக் கேள்வியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கரணையை எடுக்கும் முன்பு

சுவரை மூன்று விதமாகச் சோதித்துக் கொள்ளுங்கள். விரல் கணுவால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டுங்கள். ஓசை கனமாகக் கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது, பானையைத் தட்டியதுபோல் கேட்டால் விட்டுவிட்டது. உள்ளங்கையை வைத்து இழுங்கள். கையில் மாவு ஒட்டுகிறதா, மணல் உதிர்கிறதா என்று பாருங்கள். பிறகு சாவி முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். கெட்டுப்போன இடங்களை அடுப்புக்கரியால் வளைத்துக் குறித்து, பக்கத்தில் தேதியையும் எழுதிவிட்டு இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வளைவு அப்படியே இருந்தால் அது பழைய பழுது. கரிக்கோட்டைத் தாண்டிப் பழுது பரவியிருந்தால் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பூசினால் பூச்சுதான் வீண்.

வலை பின்னியதுபோல் மெல்லிய வெடிப்புகள்

பூசிய இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், வற்றிய கண்மாயின் தரைபோல் சுவர் முழுவதும் சிறு சிறு கட்டங்களாக வெடித்தால், கலவையில் களி மிகுந்துவிட்டது என்றோ, பூச்சு வேகமாக உலர்ந்துவிட்டது என்றோ பொருள். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எளிது. வெயில் படும் மேற்குச் சுவர் மட்டும் வெடித்து நிழற்சுவர் நன்றாக இருந்தால் உலர்ந்த வேகம்தான் காரணம். எல்லாச் சுவரும் ஒரேபோல் வெடித்திருந்தால் மண்ணே காரணம்.

நம் பகுதியில் இந்தப் பழுது மிகுதியாக வருவது கரிசல் மண்ணால். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் வீட்டைச் சுற்றிலும் கரிசல்தான் கிடக்கிறது. அருகில் இருப்பதால் அதையே வெட்டிக் குழைத்துவிடுகிறார்கள். கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களி, தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து, உலரும்போது அதே அளவுக்குச் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிளவுதான் சுவரில் சிறிய அளவில் வருகிறது. மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள களி இந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகையால் பூச்சுக்கு வண்டிக்கூலி கொடுத்தேனும் செம்மண்ணைக் கொண்டுவருவதே நல்லது என்பது என் முடிவு. என் தொடக்க நாட்களில் கள்ளிக்குடி அருகே ஒரு வீட்டுக்குக் கரிசலையும் மணலையும் சமமாகக் கலந்து பூசினேன். நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு கட்டமும் ஓரங்களில் சுருண்டு, தட்டுபோல் சுவரைவிட்டு எழும்பி நின்றது. விரலால் நெம்பினால் அப்பளம்போல் முழுதாகக் கையில் வந்தது. மூன்று அறைகளையும் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. அதன் பிறகு மண்ணைச் சோதிக்காமல் நான் ஒரு பாண்டு கலவைகூடப் போட்டதில்லை.

சோதனை இரண்டு. முதலாவது பாட்டில் சோதனை. மேல்மண் ஓர் அடியை நீக்கிவிட்டு அதற்குக் கீழிருந்து மண் எடுத்து, நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். அடுத்த சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாள் கழித்து மேலே மெழுகுபோல் படிந்திருப்பது களி. இது மண்ணில் என்ன இருக்கிறது என்று காட்டுமே தவிர, அந்தக் களி எவ்வளவு சுருங்கும் என்று காட்டாது. அதற்குத்தான் இரண்டாவது சோதனை. 30 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள மர அச்சில் எண்ணெய் தடவி, நீங்கள் பூசப்போகும் கலவையை வைக்கோல் சேர்க்காமல் அழுத்தி நிரப்பி, நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் கட்டியை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் விழுந்த இடைவெளியை அளந்து பாருங்கள். 9 மி.மீ.க்கு மேல் போனால் மணல் போதாது.

மணலின் அளவைச் சுவரிடமே கேட்டுவிடுவது இன்னும் உறுதியானது. அதே சுவரில் ஓர் அடிக்கு ஓர் அடியாக மூன்று கட்டங்கள் பூசுங்கள்: மண் ஒரு பங்குக்கு மணல் ஒன்று, இரண்டு, மூன்று. காய்ந்தபின் வெடிக்காததும் தேய்த்தால் உதிராததுமான கட்டமே உங்கள் கலவை. பெரும்பாலான செம்மண்ணுக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல் வரை வேண்டியிருக்கிறது. ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பயன்படுத்தலாம். அதன் முனைகள் கூராக இருப்பதால் கலவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கல்தூளைச் சல்லடையில் சலித்து நீக்க வேண்டும்.

வெடித்த பூச்சை என்ன செய்வது? வெடிப்பு மயிரிழை அளவில் இருந்து, தட்டினால் ஓசை கனமாக இருந்தால் பூச்சைக் கழிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, மணல் கூடுதலாகச் சேர்த்த மண்குழம்பை மணியாசுக் கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமன்படுத்தும் மரப்பலகை) வட்டமாகத் தேய்த்து வெடிப்புக்குள் ஏற்றி, காய்ந்தபின் 3 மி.மீ. தடிமனுக்கு மேற்பூச்சு ஒன்று கொடுத்தால் போதும். கட்டங்களின் ஓரம் எழும்பியிருந்தால் அது பிடிப்பு விட்ட பூச்சு, முழுவதையும் எடுத்துவிடுங்கள். எடுத்த மண்ணை எறிய வேண்டியதில்லை. அதை ஊறவைத்து, மணல் சேர்த்து, மறுபடியும் பயன்படுத்தலாம். மண் வேலையில் எனக்கு மிகப் பிடித்த குணம் இது.

உலர்ந்த வேகத்தால் வந்த வெடிப்புக்கு மருந்து காலத்தைத் தேர்ந்துகொள்வதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் பூசுவதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் காலையில் மேற்குச் சுவரையும் மாலையில் கிழக்குச் சுவரையும் பூசி, ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நிழல் கொடுங்கள். பொங்கல் முடிந்ததிலிருந்து பங்குனி வரை நமக்கு மிக நல்ல காலம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

தட்டினால் வெற்றொலி, பூச்சு பொருமி நிற்றல்

பூச்சு பார்வைக்கு நன்றாக இருக்கும். தட்டினால் உள்ளே காலியாகக் கேட்கும். பூசும்போது சுவரில் தூசி இருந்தது, அல்லது சுவர் காய்ந்திருந்ததால் கலவையின் தண்ணீரை ஒரே இழுப்பில் குடித்துவிட்டது, அல்லது சுவர் வழவழப்பாக இருந்ததால் கலவைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. இந்த மூன்றையும் விட்டால் மிஞ்சும் காரணம், ஒரே பூச்சில் 3 செ.மீ. தடிமன் ஏற்றியது.

பொருமிய பகுதியைக் கரிக்கோட்டுக்கு வெளியே நான்கு விரல் வரை வெட்டி எடுங்கள். சுவரைத் துடைப்பத்தால் பெருக்கி, கொத்துளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். முதல் நாள் மாலையில் ஒருமுறை, பூசுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் பளபளக்கக் கூடாது. தோசை மாவுப் பதத்தில் மண்குழம்பைத் துடைப்பத்தால் அடித்து, அது காய்வதற்குள் முதற்பூச்சை உள்ளங்கையால் வீசி அறைந்து ஏற்றுங்கள். முதற்பூச்சு 15 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இரண்டு, மூன்று அங்குல நீளத்துக்கு வெட்டிய வைக்கோல் அதில் தாராளமாக இருக்க வேண்டும். அது காய்ந்தபின் இரண்டாவது 10 மி.மீ., அதன்மேல் மெல்லிய மேற்பூச்சு. மண்ணைக் குழைத்த உடனே பூசாமல் ஈரச்சாக்கு மூடி நான்கைந்து நாள் புளிக்கவிட்டு, பூசும் அன்று மறுபடி மிதித்தால் கலவை கைக்குப் பசைபோல் வரும். அவசரத்தில் பலரும் விட்டுவிடும் இந்த ஒரு படியை விடாதீர்கள்.

நிலைச்சட்டத்தை ஒட்டி மட்டும் பூச்சு விடுகிறது என்றால் அது வேறு. மரமும் மண்ணும் ஒரே வேகத்தில் விரிந்து சுருங்குவதில்லை. சாக்கை ஓர் அடி அகலப் பட்டையாக வெட்டி, மண்குழம்பில் நனைத்து, மரத்தையும் சுவரையும் சேர்த்து ஒட்டி அதன்மேல் பூசுங்கள்.

கை வைத்தால் மாவாக ஒட்டுதல்

களி குறைந்த கலவையின் அடையாளம் இது. கண்மாய் வண்டல் மட்டும் போட்டுப் பூசிய வீடுகளில் இதைப் பார்க்கிறேன். கண்மாய் மண் குழைக்கும்போது வெண்ணெய்போல் இருப்பதால் களி நிறைய உண்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதில் வண்டல் மிகுந்திருந்தால் அது களிபோல் ஒட்டவும் செய்யாது, மணல்போல் தாங்கவும் செய்யாது. பாட்டில் சோதனையில் நடு அடுக்கு தடித்திருந்தால் அந்த மண்ணைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள்.

லேசாகத்தான் உதிர்கிறது என்றால் பூச்சை எடுக்காமலே கட்டலாம். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு இளக்கி, புதுச் சாணத்தோடு கரைத்து வடிகட்டி, இரண்டு முறை மெழுகுங்கள். முதல் மெழுகல் காய்ந்தபின்தான் இரண்டாவது. சாணத்தில் உள்ள நுண்ணிய நாரும் பசையும் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ளும். கஞ்சி மிஞ்சினால் மேல்தோல் இறுகி உரிந்துவிடும் என்பதால் கெட்டியாக விட வேண்டாம்.

அடிச்சுவர் உப்பரித்துப் பொரிதல்

எல்லாப் பழுதுகளிலும் இதுதான் வீட்டையே கெடுப்பது. தவறான மருந்தும் இதற்குத்தான் மிகுதியாகப் போடப்படுகிறது. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை பூச்சு மாவாகப் பொரிந்து, அதன்மேல் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் பூத்திருக்கும். தரையிலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும்போது மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பூச்சின் நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாக வளர்ந்து, உள்ளிருந்தே பூச்சைத் தள்ளி உடைக்கிறது. பழைய மாட்டுத் தொழுவம் இருந்த பக்கத்துச் சுவரில் இது கடுமையாக இருப்பதற்குக் காரணம், காலங்காலமாக இறங்கிய கோமியத்தின் உப்பு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கலவை குழைத்தாலும் இதே பூப்பு வரும். ஆனால் அது அடியில் மட்டுமின்றிச் சுவர் முழுவதும் வரும்.

இதைப் பார்த்தவுடன் மூன்று அடிக்குச் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். மேலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் அப்படிப் பூசிய சிமெண்டைச் சென்ற ஆண்டு மாசி மாதம் நான் கழற்றினேன். மழை நின்று இரண்டு மாதம் கடந்திருந்தது. திண்ணையில் மண் புழுதியாகக் கிடந்தது. சிமெண்ட் பலகை ஓரடி அளவில் பெயர்ந்து வந்ததும் பின்னால் இருந்த சுவர் மண்ணைத் தொட்டால், கொழுக்கட்டை பிடிக்கலாம் போல ஈரமாக இருந்தது. ஒரு பிடியை எடுத்து உருட்டினேன். விரிசல் இல்லாத உருண்டையாக வந்தது. அந்த மண்தான் மேலே இருக்கும் சுவரையும் ஓட்டுக் கூரையையும் தாங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்கு மேல் விளிம்பில், நான்கடி உயரத்தில், புதிதாக உப்புப் பூத்திருந்தது. அடைத்த இடத்தில் வெளியேற முடியாத ஓதம் இன்னும் உயரே ஏறி வழி தேடியிருக்கிறது. வீட்டுக்கார அம்மா நல்லது என்று நினைத்துத்தான் செலவு செய்திருந்தார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது வரிசையாக இது. முதலில் தண்ணீர் வரும் வழியை நிறுத்துங்கள். கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர், குழாயடி, சுவரை ஒட்டிய துளசி மாடம், தெருவில் உயர்த்திப் போட்ட சிமெண்ட் சாலை ஆகிய நான்கையும் பாருங்கள். தெரு உயர்ந்து வீட்டுத் தரை தாழ்ந்துபோன வீடுகளில் மழைநீர் முழுவதும் சுவரடிக்குத்தான் வந்து சேர்கிறது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் வாய்க்கால் எடுத்து, சரளைக்கல் நிரப்பி, சரிவாக வெளியே விடுங்கள். பிறகு கோடையில் சிமெண்டைக் கழற்றுங்கள். பின்னால் உள்ள மண் நனைந்திருந்தால் ஒரே நாளில் முழுச் சுவரையும் திறக்கக் கூடாது. இரண்டடி திறந்து, இரண்டடி விட்டு, திறந்த பகுதி காய்ந்தபின் அடுத்ததைத் திறக்க வேண்டும். மண் மிகவும் இளகியிருந்தால் மேற்கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே திரும்பிவிடும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, விழும் தூளை முறத்தில் பிடித்து வீட்டைவிட்டுத் தொலைவில் கொட்டுங்கள். பல வாரங்கள் காயவிட்டபின், மணல் கூடிய இளகிய மண் பூச்சு ஒன்றைக் கொடுங்கள். இது நிலைத்திருக்க வேண்டிய பூச்சு அன்று. சுவருக்குள் மிஞ்சிய உப்பைத் தன் மேல் இழுத்துக்கொண்டு கெட்டுப்போவதே இதன் வேலை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அது பொரிந்ததும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இந்த மண்ணை மட்டும் திரும்பக் குழைக்கக் கூடாது. இரண்டு, மூன்று சுற்றில் பூப்பு அடங்கும்.

மழைக்குப் பிறகு சுவர் அரித்துப் போதல்

நமக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வீட்டாருக்கே தெரியும். அரிப்பு மேலிருந்து வாய்க்கால்போல் இறங்கினால் கூரை ஒழுகுகிறது அல்லது இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்) குட்டையாக இருக்கிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை மட்டும் பள்ளம் விழுந்தால் கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிறது. முதலாவதற்குக் கூரை ஓடுகளை மாற்றி, இறவாணத்தை இரண்டடிக்குக் குறையாமல் நீட்டுங்கள். இரண்டாவதற்குத் தண்ணீர் விழும் கோட்டில் ஜல்லி பரப்புங்கள். தெறிப்பு அங்கேயே அடங்கும். நம் பழைய வீடுகளின் திண்ணை உட்காருவதற்கு மட்டும் கட்டப்பட்டதன்று, அது சுவரடியையும் காத்தது. அரித்த பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பாமல், ஓட்டுச் சில்லைப் பதித்து இரண்டு, மூன்று அடுக்காக நிரப்புங்கள்.

சுண்ணாம்புப் பூச்சில் கொப்புளமும் உரிதலும்

திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் காட்டி, இதேபோல் எங்கள் சுவரும் பளபளக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1636-இல் எழுந்த அந்த மாளிகையின் மெருகு, கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கொண்டு பூசியது. ஆனால் அதன் அடியில் இருப்பது செங்கல். மண் சுவரின்மேல் சுண்ணாம்பை நேரடியாகப் பூசினால் இரண்டும் ஒன்றையொன்று பிடிப்பதில்லை. ஓரிரு மழைக்குப் பின் தகடாக உரியும். சுவரை ஆழமாகக் கொத்தி, மண், மணல், சுண்ணாம்பு மூன்றும் கலந்த இடைப்பூச்சு ஒன்றைக் கொடுத்து, அது இறுகியபின்தான் சுண்ணாம்புக்குப் போக வேண்டும்.

பூசிச் சில வாரங்களிலோ மாதங்களிலோ காசளவில் கொப்புளித்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு தெறித்து விழுந்தால், நீறாத (தண்ணீர் பட்டு முழுதாகப் பொடியாகாத) சுண்ணாம்புக் கட்டி உள்ளே இருந்திருக்கிறது. அது சுவரில் ஈரம் பட்டு இப்போது நீறிப் பெருக்கிறது. தெறித்த இடங்களைத் தோண்டி நிரப்புவதைத் தவிர வழி இல்லை. அடுத்த முறை சுண்ணாம்பை நீற்றி, மெல்லிய சல்லடையில் வடித்து, தண்ணீர் மூடி நிற்கும்படி தொட்டியில் ஒரு மாதத்துக்குக் குறையாமல் போட்டு வையுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் போகக் கூடாது, குழந்தைகளை விடவே கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

சுண்ணாம்புப் பூச்சு கொப்புளம் இல்லாமல் வெறுமனே மாவாக உதிர்ந்தால், அது காய்ந்துவிட்டதே தவிர இறுகவில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து நிழல் கொடுங்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் கலவையை இழைவாக்கும், ஆனால் கருப்பட்டி அளவு மிஞ்சினால் பூச்சு இறுக நாளாகும், எறும்பும் ஏறும்.

கரும்புள்ளி, முளை, கரையான்

பூசிய வாரத்தில் வைக்கோலில் ஒட்டிய நெல் முளைத்தால் கவலை வேண்டாம், காய்ந்ததும் பட்டுவிடும். கரும்புள்ளியாகப் பூஞ்சணம் படர்ந்தால் பூச்சு காயத் தாமதமாகிறது என்று பொருள். சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, நன்கு காய்ந்தபின் துடைத்துவிட்டு, இளஞ்சுண்ணாம்பு அடியுங்கள். கரையான் கோடு சுவரில் ஏறினால் கோட்டை மட்டும் தட்டிவிட்டால் மறுநாள் திரும்பும். அது தரையில் எங்கே தொடங்குகிறது என்று பின்தொடர்ந்து போனால் பெரும்பாலும் ஈரமான மூலையில் முடியும். அந்த ஈரத்தை நிறுத்தி, சுவரடியில் சாய்த்து வைத்த விறகையும் மரத்தையும் அகற்றி, அடிப்பூச்சில் வைக்கோலைத் தவிர்த்துச் சுண்ணாம்பு சேருங்கள். வேப்பெண்ணெய் சில வாரங்களுக்கு விரட்டும், வழியை அடைக்காது.

பூச்சால் தீராத வெடிப்பு

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, இரண்டு சுவர் சேரும் இடத்தில் மேலே அகன்று கீழே குறுகும் வெடிப்பு, விரல் நுனி நுழையும் வெடிப்பு ஆகியவை சுவரின் பழுதுகள். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உத்தரம் சுவரைத் தள்ளுகிறதா, அஸ்திவாரம் இறங்குகிறதா என்று அனுபவமுள்ள கொத்தனாரோ பொறியாளரோ பார்த்துச் சொல்லும்வரை அதன்மேல் பூசக் கூடாது. பூசி மறைத்தால் வெடிப்பு வளர்வது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒட்டுப் போட்ட இடம் தனி நிறமாகத் தெரிகிறது என்று வருந்துவோருக்கு ஒன்று. முதல் தடவை பூசும்போதே மேற்பூச்சுக்குச் சலித்த மண்ணிலும் மணலிலும் அரை மூட்டையைத் தனியாக எடுத்து, உலர்வாகக் கட்டி, எந்தச் சுவருக்கு எத்தனை பங்கு என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, பரணில் வைத்துவிடுங்கள். ஒட்டுப் போட்டதும் அதன் ஓரத்திலிருந்து நான்கு விரல் அகலத்துக்குப் பழைய பூச்சையும் ஈரத்துணியால் தேய்த்து இளக்கி, இரண்டையும் சேர்த்து மணியாசுக் கட்டையால் இழுத்தால், காய்ந்தபின் எல்லை தெரியாது.